வளைந்த வால், பாதி விலை: அல்சூர் பக்கத்து லியோ கடை எப்படி?

பெங்களூரில் லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லியை (சுருக்கமாக லியோ) வாங்கி விற்பவர்கள் நிறையப் பேர். முட்டை வைத்துப் பொரிக்க வைத்து, குட்டியை வளர்த்து விற்பவர்கள் குறைவு. அல்சூர் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் நடக்கும் இந்தக் கடை இரண்டாவது ரகம். பெயர் சொல்லப் போவதில்லை. லியோ வளர்க்கும் தமிழ் வட்டத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் கடை என்றாலே தெரியும். வால் வளைந்தது, விரல் குறைந்தது, கீழ்த்தாடை நீண்டது, ஒரு கண் சிறுத்தது என எல்லாக் குட்டிகளையும் ஒரே ரேக்கில் அடுக்கி, டப்பின் மேல் ‘வளர்க்க மட்டும்’ என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் சரியான டப்பில்தான் ஒட்டப்படுகிறதா என்பதுதான் இந்தக் கடையைப் பற்றிய முக்கியமான கேள்வி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். வளர்ந்தவை எல்லாம் தனித்தனி டப்பில். அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஹீட் மேட், அதற்குத் தெர்மோஸ்டாட், சென்சார் மேட்டின் மேலேயே ஒட்டியிருக்கிறது. சூடான பக்கம் தரை 32-33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25. ஈரத் தேங்காய் நார்த்தூள் போட்ட ஒளிவிடம் ஒவ்வொன்றிலும் உண்டு. வைட்டமின் டி3 சேராத கால்சியம் ஒரு மூடியில் எப்போதும் இருக்கிறது. டி3 சேர்ந்த பொடியை இரையின் மேல் தூவித் தருகிறார்கள். டூபியா கரப்பானுக்கு முந்தின நாளே கேரட்டும் கீரையும் போட்டுவிடுகிறார்கள். பூச்சிகளில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம் என்பதால் இந்த இரண்டு வேலையையும் விட்டால் தாயின் எலும்பிலிருந்துதான் முட்டைக்குக் கால்சியம் போகும். 50 கிராமுக்குக் கீழே உள்ள பெண்ணை ஆணோடு சேர்ப்பதில்லை, ஒரு வயது ஆகாததையும் சேர்ப்பதில்லை. ஆணைப் பிரித்த பிறகும் சேமித்து வைத்த விந்திலிருந்து பெண் முட்டை போட்டுக்கொண்டே இருக்கும் என்பது தெரிந்து, வால் மெலிகிறதா என்று வாரா வாரம் எடை போட்டு அட்டையில் எழுதுகிறார்கள்.

(புதிதாக வருபவர்களுக்கு: இது வீட்டுச் சுவர்ப் பல்லி மாதிரி இல்லை. விரலில் ஒட்டும் தகடு கிடையாது, சுவர் ஏறாது. இமை உண்டு, கண் சிமிட்டும். எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் புரட்ட வேலையே வைக்காத பல்லி.)

இனி மஞ்சள் ஸ்டிக்கர் ரேக். ஒரே ஸ்டிக்கரின் கீழ் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குறைகள் இருக்கின்றன. விரல் குறைந்த குட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அது பிறவிக் குறையே அல்ல. சட்டை உரிக்கும்போது விரல் நுனியில் தோல் வளையமாகத் தங்கி, இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரல் உதிர்ந்திருக்கும். பெங்களூரின் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ஒளிவிடம் காய்ந்தால் இது சகஜம். உரித்த மறுநாள் விரல்களைப் பார்த்து, வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்க வைத்து, நனைத்த இயர் பட்ஸால் உருட்டி எடுத்தால் போதும். வால் அறுந்து மறுபடி முளைத்ததும் அப்படித்தான்: வழவழப்பாக, வளையக் கோடுகள் இல்லாமல், டர்னிப் போல உப்பியிருக்கும். இரண்டும் குட்டிகளுக்குப் போகாது. அதை வைத்து இனப்பெருக்கம் செய்வதில் எந்தத் தவறும் இல்லை. கவனிப்பு சரியில்லை என்பதைத்தான் அது காட்டும்.

வளைந்த வால் வேறு விஷயம். கவுன்டரில் இருக்கும் பையன், “சின்ன வளைவுதான் மச்சா, நல்லா சாப்பிடுது, ஓடுது, என்ன ப்ராப்ளம்?” என்பான். அந்தக் குட்டியைப் பொறுத்தவரை அவன் சொல்வது சரி. நுனியில் ஒரு வளைவு இருந்தால் பத்துப் பதினைந்து வருடம் ஒரு வலியும் இல்லாமல் வாழும். ஆனால் கேள்வியை உரிமையாளரிடம் திருப்புங்கள்: “அண்ணா, இதோட அம்மா போட்ட முந்தின ஈடு எப்படி இருந்துச்சு?” அவர் டைரியை எடுப்பார். இந்தக் கடைக்கு மதிப்பெண் போட வேண்டிய இடம் அந்த டைரிதான். தாயின் எண், முட்டை போட்ட தேதி, முட்டை பொரிக்க வைக்கும் பெட்டியின் எண், பொரித்த தேதி, பிறந்த எடை, குறிப்பு, பெட்டியின் குறைந்தபட்ச-அதிகபட்ச வெப்பநிலை எல்லாம் இருக்கிறது. இவ்வளவு எழுதும் பிரீடர் அபூர்வம்.

ஏப்ரல் பக்கத்தைப் பாருங்கள். ஒரே பெட்டியில் இரண்டு தாய்களின் நான்கு முட்டைகள். மூன்று குட்டிக்கு வால் வளைவு. அதிகபட்சம் 34.8 டிகிரி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. காரணம் தெளிவு. தெர்மாகோல் பெட்டிக்குள் ஹீட் கேபிள் வைத்த இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. தெர்மோஸ்டாட்டை 28-இல் வைத்தாலும், ஷீட் கூரை போட்ட மேல்மாடி அறை கோடையில் 35-ஐத் தொட்டால் முட்டையும் அதைத்தான் தொடும். லியோவில் குட்டி ஆணா பெண்ணா என்பதும் வெப்பநிலையைப் பொறுத்ததே: 26-இல் பெரும்பாலும் பெண், 32.5 வாக்கில் பெரும்பாலும் ஆண், 34-ஐத் தாண்டினால் மறுபடி பெரும்பாலும் பெண். அந்த மேல் எல்லைக்குத் தெரியாமல் போகும் பெட்டியில் வளைந்த வாலும் கோணல் தாடையும் கூடும். தீர்வு பெரிய செலவும் இல்லை. சூடும் குளிரும் இரண்டும் தரும் பெல்டியர் பெட்டி ஒன்று, அல்லது ஏப்ரல், மே மாதங்களில் பெட்டியைத் தரைத்தளத்துக்கு இறக்குவது. உள்ளே நான்கு தண்ணீர் பாட்டில் வைத்தால் கரண்ட் போனாலும் சூடு சட்டென்று இறங்காது. சில மணி நேரம் குளிர்வதைவிட சில மணி நேரம் கொதிப்பதுதான் கருவுக்கு ஆபத்து. சென்சார் பெட்டிச் சுவரில் இல்லாமல் முட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முட்டையைப் பதித்து வைக்கும் வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்து வைக்கும் தாதுத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமம். முட்டை போட்ட முதல் நாளே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, பிறகு திருப்பாமல் விட வேண்டும். கரு ஒட்டிக்கொண்ட பிறகு உருட்டினால் இறந்துவிடும். இதையெல்லாம் செய்கிறார்கள், கூரை ஒன்றைத் தவிர.

அந்த மூன்று குட்டிகளின் வளைவு பெட்டியில் வந்தது. ஆனால் அதே டைரியில் 7-ஆம் எண் பெண்ணின் கதை வேறு. ஜனவரி ஈட்டில் ஒரு வளைந்த வால், ஜூலை ஈட்டில் இன்னொன்று. இரண்டு முறையும் பெட்டி 28-29 டிகிரியைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த மற்ற தாய்களின் முட்டைகள் நேராகப் பொரித்திருக்கின்றன. அப்படியென்றால் குற்றம் பெட்டியில் இல்லை. ஒன்று, தாயிடம் கால்சியம் வற்றியிருக்கிறது. இல்லையென்றால், பரம்பரையில் இருக்கிறது. செய்ய வேண்டியது இது: ஒரு பருவம் முழுக்க ஓய்வு, எடை தேறும்வரை நல்ல தீனி, பிறகு ரத்த உறவில்லாத ஆணோடு ஒரு முறை. அப்போதும் வளைவு வந்தால் 7-ஆம் எண்ணுக்கு நிரந்தர ஓய்வு. கடை செய்தது ஆணை மட்டும் மாற்றி, அடுத்த மாதமே சேர்த்தது. இரண்டு காரணங்களில் எதையும் இது விலக்கவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. 7-ஆம் எண்ணின் வளைந்த குட்டிக்கு மஞ்சள் ஸ்டிக்கர், பாதி விலை. அதே ஈட்டில் கூடப் பிறந்த நேர்வால் குட்டி? முழு விலை ரேக்கில், ‘பிரீடிங் தரம்’ என்ற அட்டையோடு. குறை ஒடுங்கு மரபணுவில் இருந்தால் நேராக இருப்பதும் அதைச் சுமந்துகொண்டிருக்கலாம். வளைந்ததை வாங்குகிறவர் பெரும்பாலும் ஒன்றை வைத்து அழகு பார்ப்பவர். நேர்வாலை ஜோடி போட்டு வாங்குகிறவர்தான் குட்டி எடுக்கப் போகிறார். ஸ்டிக்கரை உடம்பைப் பார்த்து ஒட்டாமல் தாயைப் பார்த்து ஒட்ட வேண்டும். ஒரு ஈட்டில் ஒன்று காரணம் தெரியாமல் வளைந்தால் இரண்டுக்கும் ‘வளர்க்க மட்டும்’. விலையில் கொஞ்சம் நஷ்டம்தான். ஆனால் டைரியில் தகவல் இருக்கும்போது தெரியாது என்று சொல்ல முடியாது.

சிறு கண்ணையும் இமை மடிப்புக் குறையையும் சின்னக் குறை என்று ஒதுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் கண்ணுக்குள் தோல் தங்கும், சீழ் பிடிக்கும், கண் மருந்து வாழ்நாள் செலவு. கீழ்த்தாடை ஒரு மில்லிமீட்டர் நீண்டிருப்பது பரவாயில்லை. ஈறு வெளியே தெரிந்தால் வாங்காதீர்கள். தாடையை விரலால் லேசாகத் தொட்டால் ரப்பர் போல வளைகிறது, பின்னங்கால் வில்லாக இருக்கிறது என்றால் அது பிறவிக் குறை அல்ல, கால்சியம் இல்லாத எலும்பு நோய். உடனே மருத்துவரிடம் போக வேண்டியது.

‘வளர்க்க மட்டும்’ என்ற நிபந்தனையும் காகிதத்தில்தான் நிற்கிறது. ஒரு மாதக் குட்டியைக் கொடுக்கிறார்கள். அந்த வயதில் ஆண், பெண் தெரியாது. பின்னங்கால்களுக்கு நடுவே கூரை முகடு போல ஒரு வரிசை மெழுகுத் துளையும், அதன் கீழே இரண்டு புடைப்பும் ஆணுக்குத் தெரிய மேலும் சில மாதம் ஆகும். இரண்டு மஞ்சள் ஸ்டிக்கர் குட்டிகளை ஒரே ஆளுக்கு விற்றுவிட்டு, குட்டி எடுக்காதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. பாலினம் தெரியும்வரை வைத்திருந்து, ஒருவருக்கு ஒன்று என்று விற்கலாம்.

முழு விலை ரேக்கில் இன்னொரு வருத்தம்: எனிக்மா என்ற மார்ஃப் (நிறத்துக்காகத் தேர்ந்து வளர்க்கும் வகை). வால் நேர், விரல் ஐந்து, கண் பளிச். உடம்பில் குறையே தெரியாது, அதனால் ஸ்டிக்கரும் இல்லை. ஆனால் தலை சாய்வது, வானத்தைப் பார்த்து உறைவது, வட்டமடிப்பது, இரையைத் தவறவிடுவது என்ற நரம்புக் கோளாறு இந்த மார்ஃபோடு ஒட்டியே வருகிறது. ஓங்கு மரபணு, பெற்றோரில் ஒன்று எனிக்மாவானால் ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்குப் போகும். இளசில் ஒழுங்காக இருந்துவிட்டு, இடமாற்றம் போன்ற அழுத்தம் வந்ததும் வெளிப்படுவதும் உண்டு. வால் வளைவுக்குப் பாதி விலை போடும் கடை இதற்கு அதிக விலை போடுகிறது. லெமன் ஃப்ராஸ்ட் என்ற மார்ஃபை மட்டும் தொடமாட்டோம் என்று உரிமையாளர் உறுதியாகச் சொல்கிறார். அதற்குப் பாராட்டு: 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆராய்ச்சியாளர்கள் அந்த நிறத்தை ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தினார்கள், அந்த மார்ஃபில் 80 சதவீதத்துக்கும் மேல் தோல் கட்டி வருகிறது. ஒன்றில் இருக்கும் அறிவு மற்றதில் ஏன் இல்லை என்பது புரியவில்லை.

ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டத்தில் 11பி பிரிவு, வேதனை தரும் குறையோடு பிறக்கும் என்று தெரிந்தே இனப்பெருக்கம் செய்வதைத் தடுக்கிறது. நம் ஊரில் நாய் இனப்பெருக்கத்துக்கு 2017 விதிகள் இருக்கின்றன. கெக்கோவுக்கு அப்படித் தனி விதி இல்லை. செல்லப்பிராணிக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற 2018 விதி உண்டு. சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். காட்டில் பிடித்த எதையும், டோக்கே கெக்கோவையும், எந்தக் கடையிலும் தொடாதீர்கள்.

சாப்பிடவே முடியாத அளவுக்குத் தாடை கோணலான குட்டியை ஃப்ரீசரில் வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய் மயக்க ஊசி போட்டு முடிக்கிறார்கள். அந்தச் செலவைக் குட்டி விலையில் ஏற்றுவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: மஞ்சள் ஸ்டிக்கரில் ஏப்ரல், மே குட்டி என்றால் தயங்காமல் எடுங்கள். ஜோடி வேண்டுமென்றால் இரண்டின் தாய் எண்ணையும் கேட்டு, டைரியில் அந்த எண்ணின் எல்லா ஈடுகளையும் புரட்டுங்கள். காட்டச் சொன்னால் மறுப்பதில்லை. பில்லில் ‘லியோ - 1’ என்று மட்டும் எழுதுகிறார்கள். தாய், தந்தை எண்ணும் பொரித்த தேதியும் பெட்டி எண்ணும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதுகிறார்கள், கேட்காவிட்டால் இல்லை.