மீடியா சர்வர் போர்ட்டைத் திறப்பதா, வயர்கார்டு போர்ட்டைத் திறப்பதா?

வீட்டு மீடியா சர்வரில் இருக்கும் படங்களை வெளியே இருந்து பார்க்க இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள்களில் எதை வைத்திருந்தாலும், ரவுட்டரில் ஜெல்லிஃபினின் 8096 அல்லது ப்ளெக்ஸின் 32400 போர்ட்டை, அதாவது வெளி இணைப்புகள் வரும் எண்ணிட்ட வாசலை, நேரடியாகத் திறந்துவிடலாம். இல்லையென்றால் 51820 என்ற ஒரே யுடிபி போர்ட்டைத் திறந்து, வயர்கார்டு என்ற விபிஎன் (இணையத்தின் வழியே போகும் மறைகுறியாக்கப்பட்ட தனிப் பாதை) மூலம் வீட்டு நெட்வொர்க்குக்குள் வரலாம். என் வீட்டில் ஓடுவது வயர்கார்டு. ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ரவுட்டரில் செய்யும் வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. சர்வருக்கு மாறாத உள் முகவரி ஒதுக்க வேண்டும். பொது முகவரி மாறிக்கொண்டே இருந்தால், மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வேண்டும். அதற்கும் முன்பாக, ரவுட்டர் காட்டும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். ஐபிவி4-இல் இரண்டு வழியும் அங்கே பலிக்காது. போர்ட்டைத் திறக்காமலேயே கருவிகளை இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற சேவையை நாடலாம்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டிலும் எல்லையாக நிற்பது பெரும்பாலும் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம்தான்.

முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு. 8096-ஐத் திறந்தால் ஜெல்லிஃபினின் உள்நுழைவுப் பக்கம் உலகத்துக்கே தெரியும். இணையம் முழுவதும் போர்ட்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்களுக்கு அது சீக்கிரமே அகப்படும். போதாக்குறைக்கு, அந்தப் போர்ட்டில் ஓடுவது வெறும் எச்டிடிபி. கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமலேயே பயணிக்கும். அதைச் சரிசெய்ய ரிவர்ஸ் ப்ராக்ஸியும் (சர்வருக்கு முன்னால் நின்று இணைப்புகளை வாங்கும் மென்பொருள்), மறைகுறியாக்கத்துக்கான சான்றிதழும் வேண்டும். சான்றிதழைக் காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ப்ளெக்ஸ் சான்றிதழ் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது என்ற நல்ல பெயர் நியாயமானதுதான். ஆனால் இரண்டிலுமே, சர்வர் மென்பொருளில் ஓட்டை தெரிய வந்தால் அன்றே புதுப்பிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான். 2022இல், கடவுச்சொற்களைச் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனப் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் ஊடுருவியவர்கள் பயன்படுத்தியது ப்ளெக்ஸின் பழைய ஓட்டை ஒன்றை. அதற்கான திருத்தம் 2020 மே மாதமே வந்துவிட்டது. தொழில்முறைப் பொறியாளர் வீட்டிலேயே இந்த நிலை என்றால், விடுமுறை நாளில் மட்டும் சர்வரை எட்டிப் பார்க்கும் நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வயர்கார்டு, சரியான சாவி இல்லாமல் வரும் பொட்டலத்துக்குப் பதிலே சொல்லாது. ஸ்கேனருக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்பதே தெரியாது. இதனால் வரும் வேடிக்கை: போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் இணையதளங்கள் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லும். நம்ப வேண்டாம். கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இணைத்து, வயர்கார்டு செயலியில் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவியைச் சரிபார்த்துக்கொள்வது) நேரம் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். நேரமே காட்டவில்லையென்றால், போர்ட்டைத் திறக்கும் ரவுட்டர் விதியில் யுடிபிக்குப் பதில் டிசிபி என்ற வேறு இணைப்பு முறை தேர்வாகியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: வீட்டு நெட்வொர்க் 192.168.1 வரிசையில் இருந்தால் மாற்றிவிடுங்கள். நீங்கள் தங்கும் இடத்து வைஃபையும் அதே வரிசையில் இருந்தால், இணைப்பு கிடைத்தும் சர்வர் கிடைக்காமல் போகலாம். 192.168.73 போல எதையாவது வைத்துக்கொண்டால் மோதல் அரிது. கைபேசியின் அமைப்பில் ‘அனுமதிக்கப்பட்ட முகவரிகள்’ பகுதியில் சர்வர் முகவரியை மட்டும் கொடுத்தால், மற்ற இணையப் போக்குவரத்து வீடு வழியாகச் சுற்றிக்கொண்டு போகாது.

வயர்கார்டு தோற்கும் இடம் உறவினர் வீட்டு டிவி. ஆண்ட்ராய்டு டிவியில் செயலி உண்டு. எல்ஜியின் வெப்ஓஎஸ், சாம்சங்கின் டைசன் டிவிகளில் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி உருவாக்கித் தருவதும் எல்லோருக்கும் பொறுமை இருக்கும் வேலை அல்ல. நான் சொந்தக் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும்தான் இதைப் பயன்படுத்துகிறேன். பல வீடுகளுக்குப் பகிர்ந்த அனுபவம் எனக்குக் குறைவு. அப்படிப் பகிர்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் ப்ளெக்ஸின் 32400 ஒன்றை மட்டும் திறந்து, தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி, கருவிகள் கேட்டால் தானாகவே போர்ட்டைத் திறந்துவிடும் யுபிஎன்பி வசதியை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள். விதியை நீங்களே கையால் எழுதிய பிறகு யுபிஎன்பிக்கு அங்கே வேலை இல்லை.