பேண்ட் உயரம்: வெளிப்பக்கமா, உள்பக்கமா, பழைய பேண்ட்டா?

தையல்கடையில் அளவு கொடுத்தால், இடுப்பில் பெல்ட் நிற்கும் இடத்தில் டேப்பை வைத்து வெளிப்பக்கமாகக் கணுக்கால் வரை இறக்கி, "உயரம் 40" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ரெடிமேட் ஜீன்ஸில் கணக்கே வேறு. லீவைஸ் லேபிளில் 32, 30 என்று இருந்தால் முதல் எண் இடுப்பு, இரண்டாவது எண் கவட்டையிலிருந்து கீழ்மடிப்பு வரை உள்பக்கத் தையலின் நீளம். அதனால் டெய்லர் எழுதிய 40ஐ வைத்துக்கொண்டு ஆன்லைனில் ஜீன்ஸ் தேடினால் ஒன்றும் தேறாது.

இரண்டில் எது நல்லது என்றால், யார் தைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வெளிப்பக்க அளவு எடுப்பது சுலபம், கூச்சமும் இல்லை. ஆனால் பேண்ட் இடுப்பில் எங்கே நிற்கிறது என்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது. தொப்புளுக்குப் பக்கத்தில் கட்டுபவருக்கும் இடுப்பெலும்புக்குக் கீழே இறக்கிப் போடுபவருக்கும் ஒரே கால்தான் என்றாலும் அளவு மூன்று நான்கு இன்ச் மாறும். டெய்லர் நேரில் பார்த்துத் தைப்பதால் சமாளித்துவிடுவார், ஆன்லைன் கடைக்கு அது தெரியாது. உள்பக்க அளவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. லோ வெயிஸ்ட் வாங்கினாலும் ஹை வெயிஸ்ட் வாங்கினாலும் காலின் நீளம் காலின் நீளம்தான். ரெடிமேட் வாங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

சரி, உள்பக்கம் 30, கவட்டையிலிருந்து இடுப்புப்பட்டி வரை முன்தையல் 11, கூட்டினால் வெளிப்பக்கம் 41 வந்துவிடும் என்று சிலர் போடுவார்கள். வராது. அந்த முன்தையல் செங்குத்தாக ஏறுவதில்லை, சரிந்து வளைந்து போகிறது. வளைவை விட்டுவிட்டு ஒரு செங்கோண முக்கோணமாகவே வைத்துக்கொள்வோம்: கர்ணம் 11, பக்கவாட்டில் 4 இன்ச் நகர்கிறது என்றால், நிஜமான உயரம் 121இல் 16ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் 10.25தான். முக்கால் இன்ச் காணாமல் போய்விட்டது. பேண்ட்டில் முக்கால் இன்ச் என்பது ஷூ மேல் மடிப்பு விழுவதா, சாக்ஸ் தெரிவதா என்கிற வித்தியாசம்.

வேடிக்கை என்னவென்றால், அதே 4 இன்ச் சரிவு 40 இன்ச் நீளத்தில் வந்தால் கர்ணம் 40.2தான். டேப் கொஞ்சம் கோணலாகப் போனது என்று பதற வேண்டாம். டேப்பின் நுனி ஒரு இன்ச் தள்ளி உட்கார்ந்தால்தான் முழு ஒரு இன்ச் போகும், கவனிக்க வேண்டியது அந்த நுனியை.

(வர்க்கமூலம் இல்லாமலே கர்ணம் காணும் வழி என்று போதையனார் பெயரில் ஒரு செய்யுள் சுற்றுகிறதே, பெரிய பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒன்றைத் தள்ளி மற்ற பக்கத்தில் பாதியைச் சேர்ப்பது. 3, 4க்கு 5 சரியாக வரும், 5, 12க்கு 13ம் வரும். 40, 4க்குப் போட்டுப் பாருங்கள்: 35 கூட்டல் 2, 37. கர்ணம் பெரிய பக்கத்தைவிடச் சின்னதாகிவிடுகிறது! ஒல்லியான முக்கோணத்துக்கு அது ஆகாது, பேண்ட்டுக்குப் பித்தாகரஸே போதும்.)

இரண்டையும்விட நான் நம்புவது மூன்றாவது வழியை. நன்றாகப் பொருந்துகிற பழைய பேண்ட் ஒன்றை எடுத்து, தரையில் விரித்து, ஒரு காலை மட்டும் மேலே மடக்கிப்போட்டால் மற்ற காலின் உள்தையல் முழுசாகத் தெரியும். கவட்டையில் நான்கு தையல்களும் கூடும் முடிச்சிலிருந்து கீழ் ஓரம் வரை சுருக்கத்தை நீவிவிட்டு அளந்தால் முடிந்தது. உடம்பில் வைத்து அளக்கும்போது குனிந்து பார்த்தாலே அளவு மாறும், துணி குனியாது. ஒரே நிபந்தனை, புதுசும் பழசும் ஒரே மாதிரி வெட்டாக இருக்க வேண்டும். கீழே குறுகும் பேண்ட்டை அளந்து அகலமான பாட்டம் வாங்கினால் ஷூவில் தங்காமல் தரையைக் கூட்டும். அப்புறம், காட்டன் என்றால் ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகே ஆல்டரேஷனுக்குக் கொடுங்கள்.