முதல் கிட்டார் வாங்கப் போறீங்களா? எங்களுக்கு 6,500 ரூபாய் போச்சு

தங்கை மகனுக்கு முதல் கிட்டார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை, அதாவது பிரிட்ஜ், பெயர்ந்து நிற்கிறது. 6,500 ரூபாய்! ஊரில் பேர் வாங்கிய பழைய இசைக்கருவிக் கடை என்றுதான் தங்கை அங்கே போனாள்.

கடைக்காரர் ட்யூன் பண்ணி ஜி, சி, டி கார்டுகளை (சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசித்துக் காட்டியிருக்கிறார். தேனாக இருந்ததாம். இருக்கும்தான்! அந்த மூன்றுக்கும் விரல் மூன்றாவது ஃப்ரெட்டை, அதாவது குறுக்கே பதித்த மூன்றாவது உலோகப் பட்டையைத் தாண்டாது, கம்பி பலகையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அங்கே தெரியாது. "சின்னப் பையன்தானேம்மா, நானே பார்த்து எடுத்துத் தர்றேன்" என்றாராம். அந்த ஒரு பேச்சுக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அளந்தால், 12வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 4.5 மி.மீ. தடித்த கம்பியில் 2.5, மெல்லியதில் 2 போதும். இந்த உயரத்தில் அழுத்தினால் கம்பி இழுபட்டு ஸ்ருதி ஏறும், பையன் எதை வாசித்தாலும் அபஸ்வரம். நெக், அதாவது கழுத்துப் பகுதி, வேறு முன்னால் வளைந்திருக்கிறது. அந்த வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகலாம் என்று தலைப்பகுதியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே வெறும் மரம். ராடே இல்லை! நைலான் கம்பிக்குச் செய்த கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டி விற்றிருக்கிறார்கள். நைலான் செட்டின் இழுவை சுமார் 40 கிலோ, ஸ்டீல் 70ஐத் தொடும். பிரிட்ஜ் பெயராமல் என்ன செய்யும்?

கேட்டால், "விரல் காய்ச்சுப் போனா பழகிடும்". படம் அனுப்பினால், "வெயில்ல வெச்சிருப்பீங்க". நேரில் போனால் ஓனர் ஊரில் இல்லை. கடைசியில் பில்லைக் காட்டுகிறார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. குறையுள்ள பொருளுக்கு அந்தப் பேச்சே கிடையாது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் கொண்டுபோனதை வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். போனில் அதைச் சொன்னதும் கடைக்காரர் வைத்துவிட்டார். 6,500 ரூபாய்க்கு மிச்சம் ஒரு உறையும் மீட்டுவதற்கான இரண்டு பிக்கும்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. 12வது ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியாக அழுத்தி மீட்டச் சொல்லுங்கள், அழுத்தாமல் மீட்டும்போது வரும் அதே ஸ்வரத்தை ட்யூனர் (ஸ்ருதி காட்டும் கருவி) காட்ட வேண்டும். பிரிட்ஜுக்கு அடியில் தாள் நுழைந்தால் வேண்டவே வேண்டாம். ஸ்டீல் கம்பி என்றால் ட்ரஸ் ராட் நட்டைக் கண்ணால் பாருங்கள், சிலதில் அது நடுவில் உள்ள வட்டத் துளைக்குள் (சவுண்ட் ஹோல்) இருக்கும். பில்லைத் தொலைக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாங்கள் புகார் கொடுத்தாயிற்று.