மேன் ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்: காற்றைப் பார்த்துப் படிக்க வேண்டிய புத்தகம்

இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பகுதியில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் இந்த நூல் 1944-ல் வெளிவந்தது. மொத்தம் பத்து அத்தியாயங்கள். புலி வேட்டைக் கதை என்று கையில் எடுத்தால் இரண்டே நாளில் முடித்துவிடலாம். தடம் பார்க்கவும் காட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நடக்கவும் கற்க விரும்புபவர்களுக்கு இரண்டு நாள் போதாது. பென்சிலோடு உட்கார வேண்டும்.

முதலில் கோடு போட வேண்டியது காற்றைப் பற்றிய பகுதி. மனிதனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியாது என்பது புலிக்குத் தெரியாது. மானை நெருங்குவது போலவே ஆளையும், தன் வாடை போய்ச் சேராத பக்கத்திலிருந்தே நெருங்கும். ஆகவே காற்று முகத்தில் அடித்தால் ஆபத்து முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பின்னால் பார்த்துக்கொண்டே நடக்க யாராலும் முடியாது. அதனால் கார்பெட் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக மாறி மாறி நடப்பார். முதுகுக்குப் பின்னால் இருந்த ஆபத்து பக்கவாட்டுக்கு வந்துவிடும், ஓரக்கண்ணில் படும். இந்த ஒரு பத்தி புரிந்துவிட்டால், அவர் ஏன் நேர்வழியை விட்டுச் சுற்றிப் போகிறார் என்பது பிற அத்தியாயங்களிலும் தானாக விளங்கும்.

சௌகர் பெண்புலி (1930) அத்தியாயத்தின் முடிவுதான் நூலின் உச்சம். கார்பெட்டின் இடக்கையில் பக்கிக்குருவியின் இரண்டு முட்டைகள், வலக்கையில் .275 ரைபிள். பெரிய பாறை ஒன்றைக் கடந்து திரும்பிப் பார்த்தால் எட்டடி தூரத்தில் புலி. ரைபிளின் குழலோ வேறு பக்கம் பார்த்திருக்கிறது. ஒற்றைக் கையால் அதை முக்கால் வட்டம் சுற்ற வேண்டும், அதுவும் புலி அசைவை உணராத அளவுக்கு மெதுவாக. இடக்கை காலியாக இருந்திருந்தால் இரு கைகளும் துப்பாக்கிக்குப் போயிருக்கும், உடம்பு வெடுக்கென்று திரும்பியிருக்கும், புலி பாய்ந்திருக்கும் என்று அவரே காரணம் சொல்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பு வாங்குவதானால் கடையிலேயே இந்தப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்தக் கை எங்கே இருந்தது, குழல் எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்பது குழப்பமில்லாமல் தெரிந்தால் அந்தப் பதிப்பை நம்பி வாங்கலாம்.

சம்பாவத் புலி கொன்றதாக அவர் தரும் கணக்கு 436 பேர்: நேபாளத்தில் 200, குமாவுனில் 236. 1907-ல் அதைச் சுட்ட பிறகு வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்புற மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருக்கின்றன. பழைய குண்டுக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்கிறார். சௌகர் புலிக்கும் பற்கள் தேய்ந்து, நகங்கள் உடைந்திருந்தன. ஆட்கொல்லியைப் பிறவிக் கொடூரமாக அவர் எங்கும் எழுதவில்லை. இந்த நூலை நான் மதிப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

கவனமாகப் படிக்க வேண்டியவையும் உண்டு. பவல்கர் புலியின் நீளம் 10 அடி 7 அங்குலம் என்பது உடம்பின் வளைவோடு நாடாவை வைத்து அளந்தது. மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளையடித்து நேர்கோட்டில் அளந்தால் குறையும். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசக் கூடாது. தடத்தை வைத்துத் தனிப் புலியை அடையாளம் காண்பதும் அப்படித்தான். பழகிய மண்ணில் அவருக்கு அது கைவந்த கலை. ஈரச் சேற்றில் அதே பாதம் பெரிதாகப் பதியும். இப்படிப்பட்ட குழப்பங்களால்தான் தேசியப் புலிக் கணக்கெடுப்பு தடத்தைக் கைவிட்டு 2006 முதல் கேமராப் பொறிக்கு (விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா) மாறியது.

காக்கர் என்று வரும் இடமெல்லாம் நம் கேளையாடு. அது சின்ன அரவத்துக்கும் குரைக்கும். கடமான் கத்தினால் புலி அருகில் இருப்பதாக நம்பலாம். குமாவுன் வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள், மலைமுகடுகளும் ஓடைகளும் தெரியாமல் தாக் அத்தியாயம் பிடிபடாது. பிப்பல் பானி புலியின் கதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டிப் பருவத்திலிருந்து ஒரே புலியின் தடத்தைப் பின்தொடரும் அத்தியாயம் அது. அதற்குள் தடம் படிக்கக் கண் பழகியிருக்கும்.