பேப்பரில் 64, கண்ணாடியில் 65: என் பீட்டிலின் முன்கண்ணாடி வழக்கு

நண்பன் பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, "முன்கண்ணாடியில விரிசல். அதை மட்டும் மாத்திட்டா போதும், வாங்கலாமா?" என்று கேட்டான். அந்த "மட்டும்" உடன்தான் ஒன்பது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என் வண்டியின் ஆவணத்தில் 1964 என்று இருக்கிறது. அதை நம்பி 58 முதல் 64 மாடல் வரைக்கான ரப்பர் பீடிங்கை, அதாவது கண்ணாடியைச் சுற்றி ஃப்ரேமோடு பிடித்துவைக்கும் பட்டையை, வாங்கினேன். மெக்கானிக் கண்ணாடியைச் சுற்றி மாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்று விரல் அகலத்துக்கு எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார், முனகினார். பிறகு பின்சீட்டைத் தூக்கி, தரையின் நடுவே மேடாக ஓடும் டனலில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் படித்தார். 115 என்று ஆரம்பித்தது. "இது அறுபத்தஞ்சு சார்."

ஃபோக்ஸ்வாகனுக்கு அப்போதெல்லாம் மாடல் வருடம் முந்தைய வருட ஆகஸ்டிலேயே பிறந்துவிடும். 1964 ஆகஸ்டிலிருந்து சேஸிஸ் நம்பர் ஒன்பது இலக்கம், அதில் மூன்றாவது இலக்கம் மாடல் வருடம். எல்லாக் கண்ணாடிகளையும் பெரிதாக்கியதும் அதே ஆகஸ்டில்தான். முன்கண்ணாடி 11 சதவீதம் பெரிதாகி, லேசாக வளைவும் வாங்கிக்கொண்டது.

அந்த 11 சதவீதத்தைக் குறைசொல்ல மாட்டேன். தூண்களும் மெலிந்ததால் வண்டிக்குள் வெளிச்சம் கொட்டுகிறது. சிக்னலில் முதல் ஆளாக நின்றால் விளக்கைப் பார்க்க முன்புபோல் அவ்வளவு குனிய வேண்டியதில்லை. முந்தைய மாடலை ஓட்டிக் கழுத்து வலித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஒழுகல்தான் தீரவில்லை. சரியான பீடிங் வந்தது; அதன் பள்ளத்தில் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளிருந்து நான் கயிற்றை உருவினேன். அழகாக உட்கார்ந்தது. முதல் மழையிலேயே இடது கீழ்மூலையிலிருந்து சொட்டு. மறுபடி கழற்றினால், பீடிங் மறைத்திருந்த ஃப்ரேம் விளிம்பில் துரு, அதன்மேல் யாரோ அப்பிய பட்டி. மேடுபள்ளத்தில் ரப்பர் எப்படிப் படியும்? சுரண்டி, வெல்டு வைத்து, இது மூன்றாவது பீடிங். குற்றம் 65 மாடலுடையதல்ல, பழைய டிங்கரிங்குடையது. தெரியும்.

பீட்டிலிலேயே 1303 என்ற மாடல் என்றால் இன்னும் கூத்து. 1972 ஆகஸ்டில் வந்த அதற்கு நன்றாக வளைந்த கண்ணாடி. அதே காலத்து 1200 மாடல் பீட்டிலுக்கோ பழைய கண்ணாடியேதான். "73 பீட்டில் கண்ணாடி கொடுங்க" என்று கேட்டால் எதுவும் வரலாம். கூரையை மடக்கும் கன்வர்ட்டிபிள் தனிக்கதை.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ 65தானே நல்லது?" என்றான் நண்பன்.

நல்லதுதான். ஆனாலும் நீ 64ஐயே தேடு. ராத்திரி மழை பெய்தது, இப்போதுதான் மிதியடியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வருகிறேன்.