சிபி2கே-யின் கிரிட் அமைப்பு: கணக்கைக் காட்டுகிறது, ஆனால் டிஃபால்ட்டை நம்பாதீர்கள்

எலக்ட்ரான் கட்டமைப்புக் கணக்கீட்டுக்குக் கிடைக்கும் இலவச மென்பொருள்களில் சிபி2கே தனி ரகம். அலைச் சார்பைக் காஸியன்களால், அதாவது மணி வடிவச் சார்புகளால், எழுதுகிறது. எலக்ட்ரான் அடர்த்தியைச் சம இடைவெளிப் புள்ளிகளில் (இதுதான் கிரிட்) பரப்பி, அங்கிருந்து நிலைமின் ஆற்றலைக் கணக்கிடுகிறது. நூற்றுக்கணக்கான அணுக்கள் கொண்ட திரவத்தையும் மேற்பரப்பையும் தாங்குவது இந்த ஏற்பாட்டால்தான். புதிதாக வருபவர்கள் சறுக்குவதும் இதே இடத்தில்தான். அதனால் இந்த மதிப்புரை கிரிட் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

திருக வேண்டியவை இரண்டு. கட்ஆஃப் என்பது மிக நுண்ணிய கிரிட் எவ்வளவு நுண்ணியது என்பதை ஆற்றலாகச் சொல்லும் அளவு. டிஃபால்ட் 280 ரிட்பெர்க் (ஆற்றல் அலகு). ரெல்_கட்ஆஃப் என்பது எந்தக் காஸியன் எந்த கிரிட்டில் விழும் என்பதைத் தீர்மானிப்பது, டிஃபால்ட் 40. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற சமதள அலை நிரலில் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே கட்ஆஃப் அடர்த்திக்கானது, அலைச் சார்புக்கானது அல்ல. இங்கே 400 என்று எழுதினால் அங்கே அலைச் சார்புக்கு 100 என்று எழுதியதற்குச் சமம். புள்ளிகளின் இடைவெளியாகப் பார்த்தால் 280-க்கு ஏறக்குறைய 0.1 ஆங்ஸ்ட்ராம், 400-க்கு 0.083.

டிஃபால்ட்டில் நான்கு கிரிட்கள். ஒவ்வொன்றின் கட்ஆஃபும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு. கட்ஆஃப் 300, ரெல்_கட்ஆஃப் 60 என்றால் அடுக்குகள் 300, 100, 33, 11. இரண்டு காஸியன்களின் பெருக்கத்தின் அடுக்கெண்ணை (அது எவ்வளவு கூர்மையானது என்பதைச் சொல்லும் எண்) 60-ஆல் பெருக்குங்கள். அந்த மதிப்பைத் தாங்கக்கூடியவற்றில் மிகப் பரும்படியான கிரிட்டுக்கு அது போகும். அடுக்கெண் 0.4 என்றால் 24, ஆகவே 33-க்கு. 1.5 என்றால் 90, ஆகவே 100-க்கு. ஏறத்தாழ 1.67-க்கு மேற்பட்டவை எல்லாம் முதல் கிரிட்டில்.

பலரும் ஏமாறுவது இங்கேதான். ரெல்_கட்ஆஃபைத் தொடாமல் கட்ஆஃபை மட்டும் 900-க்கு ஏற்றினால் அடுக்குகள் 900, 300, 100, 33 என்றாகும். முன்பு 300-இல் இருந்தவற்றில் அடுக்கெண் 5-க்கு உட்பட்டவை இப்போதும் 300-இல்தான் இருக்கும், பெயர் மட்டும் இரண்டாம் கிரிட் என்று மாறியிருக்கும். மென்மையான பேசிஸ் செட் (கணக்கீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் காஸியன்களின் தொகுப்பு) என்றால் முதல் கிரிட் கிட்டத்தட்ட காலியாகக் கிடக்கும். நினைவகமும் எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் மாற்றம்) நேரமும் கூடும், அதற்கேற்ற துல்லியம் வராது. "ஆற்றல் மாறவில்லை, குவிந்துவிட்டது (இறுதி மதிப்பில் நிலைத்துவிட்டது)" என்று எழுதிவைப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பொய்க் குவிவைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருளே வழி தருகிறது. வெளியீட்டின் கடைசியில் மல்டிகிரிட் தகவல் என்ற பகுதியில், ஒவ்வொரு கிரிட்டிலும் எத்தனை காஸியன் பெருக்கங்கள் விழுந்தன என்ற எண்ணிக்கை அச்சாகும். இவ்வளவு வெளிப்படையாகக் கணக்குக் காட்டும் நிரல்கள் குறைவு. இந்த அமைப்பில் பாராட்ட வேண்டிய முதல் விஷயம் அதுதான். முதல் கிரிட்டில் பூஜ்யம் என்று வந்தால் ரெல்_கட்ஆஃபை ஏற்றுங்கள், அல்லது கட்ஆஃபை இறக்குங்கள். பெரும்பாலானவை முதல் கிரிட்டிலேயே விழுந்திருந்தால் நேரம் வீணாகிறது.

சோதிக்கும் முறை சுலபம். ரெல்_கட்ஆஃபை 60-இல் நிறுத்தி, கட்ஆஃபை 100 முதல் 800 வரை நூறு நூறாக ஏற்றுங்கள். ஒப்பிட ஒரு 1200. பிறகு தேர்ந்த கட்ஆஃபை நிறுத்தி, ரெல்_கட்ஆஃபை 20 முதல் 100 வரை பத்துப் பத்தாக. பார்க்க வேண்டியது கிரிட் பிழை மட்டுமே என்பதால் அணு அடர்த்தித் தொடக்கத்துடன் ஒரே ஒரு எஸ்சிஎஃப் சுற்று (அடர்த்தி மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் கணக்கில் ஒரு சுற்று) போதும். புதிய பதிப்புகள் எஸ்சிஎஃப் குவியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். குவியாமையைப் புறக்கணிக்கச் சொல்லும் கட்டளையைச் சேர்க்க வேண்டும். எப்ஸ்_டிஃபால்ட் என்ற பொதுத் துல்லிய வரம்பையும் 1e-12 அளவுக்கு இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பிழை கிரிட் பிழையோடு கலந்துவிடும்.

மொத்த ஆற்றல் மேலிருந்து சீராக இறங்கி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சமதள அலை நிரல்களில் கட்ஆஃப் ஏற ஏற பேசிஸ் பெரிதாகும், ஆற்றல் இறங்கும். இங்கே பேசிஸ் மாறுவதே இல்லை. மாறுவது தொகையீட்டின் துல்லியம். ஆகவே ஆற்றல் மேலும் கீழும் ஆடித்தான் அடங்கும். அதோடு கிரிட்டில் உள்ள எலக்ட்ரான் அடர்த்தி, மையக்கரு அடர்த்தி வரிகளையும் பாருங்கள்: எட்டு சிலிக்கான் அணுக்கள் என்றால், அணுவுக்கு நான்கு வெளி எலக்ட்ரான்கள் வீதம், 32-இலிருந்து விலகல் எவ்வளவு என்பது அங்கேயே இருக்கும்.

மூலக்கூறு இயக்கவியல் ஓட்டப்போகிறவர்களுக்கு ஆற்றலைவிட விசை முக்கியம். அணுக்கள் கிரிட் புள்ளிகளுக்கு நடுவே நகரும்போது ஆற்றல் முட்டைத் தட்டின் குழிகளைப் போல ஏறி இறங்கும். எல்லா அணுக்களையும் சேர்த்து 0.02 ஆங்ஸ்ட்ராம் வீதம் ஐந்து முறை தள்ளிப் பாருங்கள். மாறவே கூடாத ஆற்றல் எவ்வளவு மாறுகிறதோ அதுதான் உங்கள் கிரிட்டின் இரைச்சல். விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்யத்திலிருந்து விலகுவதும் அதே நோயின் அறிகுறி. இரைச்சலை மறைக்க அடர்த்தியை மென்மையாக்கும் எக்ஸ்சி (பரிமாற்ற-ஒட்டுறவு ஆற்றல்) தேர்வுகள் உண்டு. அவை ஆற்றலையே மாற்றிவிடும். அவற்றை ஓரிடத்தில் போட்டு இன்னோரிடத்தில் விட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது. கட்ஆஃபை ஏற்றுவதே நேர்மையான வழி.

280 எங்கே போதாது? ஆக்சிஜனுக்கு, சிபி2கே-யுடன் வரும் மோலாப்ட் பேசிஸின் கூர்மையான அடுக்கெண் 12-ஐ ஒட்டியது. பெருக்கத்தில் 24, ரெல்_கட்ஆஃப் 40-ஐ வைத்தாலே 960 ரிட்பெர்க் கேட்கும். அந்தக் கூர்மையான பகுதியின் பங்கு சிறியது என்பதால் நடைமுறையில் 400 முதல் 600 வரை சமாளிக்கலாம். ஃப்ளூரின், அரை உள்ளோடு எலக்ட்ரான்களையும் (வெளி ஓட்டுக்குச் சற்று உள்ளே இருப்பவை) சேர்த்த சோடியம், 3டி உலோகங்கள் இன்னும் அதிகம் கேட்கும். ஸ்கேன் போன்ற மெட்டா-ஜிஜிஏ வகைப் பரிமாற்ற-ஒட்டுறவுச் சார்புகளுக்கு மேலும் ஏற்ற வேண்டிவரும். விலை தெரிந்தே ஏற்றுங்கள்: கட்ஆஃப் இருமடங்கானால் புள்ளிகள் 2.8 மடங்கு.

இந்த அமைப்பின் பெரிய குறை, கலத்தின் (அணுக்களை அடக்கிய கணக்கீட்டுப் பெட்டியின்) அளவு மாறும் கணக்கீடுகளில் தெரிகிறது. கலம் சற்றே விரிந்தால் புள்ளிகளின் எண்ணிக்கை திடீரென்று ஒரு படி தாவும், ஆற்றலும் அதோடு தாவும், உகப்பாக்கம் திக்கித் திணறும். செல்_ரெஃப் பகுதியில் எதிர்பார்க்கும் அதிகபட்சக் கலத்தைவிடச் சற்றுப் பெரியதைக் கொடுத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையாக நிற்கும். இதை நிரல் தானாகவே கேட்டிருக்கலாம், கேட்பதில்லை.