பட்டன் போனில் செடி கண்டுபிடித்தவர்

நீலாங்கரை தாண்டி ஈ.சி.ஆர். ஓரமாக, பெயர்ப்பலகை இல்லாமல், பச்சை வலைக்குக் கீழே ஒரு நர்சரி இருக்கிறது. செடிகளுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அதை நடத்தும் அண்ணனுக்கு முழுசாக ஐந்து.

ஆடி மாதம் அங்கே ஒரு அடுக்குச் செம்பருத்தி வாங்கினேன், 120 ரூபாய். நங்கநல்லூரில் எங்கள் மொட்டை மாடிக்கு வந்த மூன்றாவது வாரம் அதே தொட்டியில் வேறு ஏதோ முளைத்தது. களை என்று பிடுங்கப் போனேன். இலை பார்க்க நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் பூத்தது. காலையில் வெளிர் ஊதாவில் குழல் மாதிரி விரியும், மத்தியானம் பார்த்தால் தரையில் கிடக்கும்.

செடி பெயர் சொல்லும் ஆப் ஒன்று போனில் இருக்கிறது. ஒரு படத்துக்கு மெக்சிகன் பெட்டூனியா என்றது. அதே செடியை வேறு பக்கமிருந்து எடுத்தால் வெறும் பெட்டூனியா என்றது. சரி, வாங்கின இடத்திலேயே கேட்போம் என்று அண்ணனுக்கு போன் போட்டேன். படம் அனுப்பட்டுமா என்றால், "பட்டன் போனும்மா இது. வாயால சொல்லு" என்றார்.

"ஊதாப் பூண்ணா, அழகா இருக்கு."

"ஊதாப் பூ ஆயிரம் இருக்கு. இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா வருதா, மாத்தி மாத்தி வருதா?"

போய்ப் பார்த்தேன். எதிரெதிர். கிள்ளினால் பால் வருதா? வரவில்லை. உயரம்? முழங்கால்கூட இல்லை. இலை? அடியில் குறுகி மேலே அகலம், ஓரம் லேசாக அலை அலையாக. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. "காய் வெச்சிருக்கா?"

மெலிசான பச்சைக் காய்கள், இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். ஒன்று மட்டும் காய்ந்து கருத்திருந்தது.

"அதைத் தண்ணியில போடு. போனை வெச்சிடாத."

டம்ளரில் போட்டேன். சும்மா மிதந்தது. என்னடா இது என்று குனிந்தபோது 'டப்'. காய் இரண்டாகப் பிளந்து, தட்டைத் தட்டையான விதைகள் டம்ளரின் ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டன. விரலால் தேய்த்தால் வழவழவென்று வந்தது. போனில் சிரிப்புச் சத்தம்: "கேட்டுச்சு, கேட்டுச்சு. பட்டாசுக்காய்மா."

பள்ளிக்கூடத்தில் எச்சில் தொட்டு முன் பெஞ்சுக்காரியின் காலருக்குள் போட்ட அதே காய்! காய்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அந்தச் செடியில் என்ன பூக்கிறது என்று யார் குனிந்து பார்த்தோம்?

ஆப்பின் முதல் பதில் பக்கத்து வீடு வரைக்கும் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். மெக்சிகன் பெட்டூனியா ருவெல்லியா சிம்ப்ளெக்ஸ், இது ருவெல்லியா டியூபரோசா. இரண்டும் ஒரே பேரினம், இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. "அதை நானே விக்கிறேனே, இலை கத்தி மாதிரி நீட்டா இருக்கும்" என்றார் அண்ணன். வெறும் பெட்டூனியா என்றதுதான் அநியாயம். அது கத்தரிக்காய்க் குடும்பம்.

"வேணாம்னா வேரோட எடு, மிச்சம் வெச்சா திரும்ப வரும்" என்றும் சொல்லியிருந்தார். மூன்று கன்று இருந்ததில் இரண்டைத் தோண்டினேன். தண்ணீர்விட்டான் கிழங்கின் குட்டி மாதிரி, கொத்தாகப் பருத்த வேர். ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன்; லெமன் பான்சி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இந்த இலை தீனி. இன்னும் ஒன்றும் முட்டையிட வரவில்லை.

இனி அந்தக் குறைந்த ஒன்றரை. தொட்டி மண்ணைச் சலிப்பதே இல்லை போலிருக்கிறது. பட்டாசுக்காயோடு கோரையும் வந்தது, கோரைக்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது. மண்புழு உரம் என்று வாங்கிய மூட்டையில் பாதி செம்மண். பேரம் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஞாயிறு சாயங்காலம் போகவே வேண்டாம், வண்டி நிறுத்த இடம் இருக்காது.

செம்பருத்தி இன்னும் ஒரு பூகூடப் பூக்கவில்லை. அதற்கு இன்னொரு போன் போட வேண்டும்.